அறிவுரை அன்று, துணை

பள்ளி ஆலோசகரைப் போய்ப் பார் என்று ஆசிரியர் கூறும்போது, பல மாணவர் செவியில் அது தண்டனையாகவே விழுகிறது. துணிந்து செல்பவரும் முதல் நாளுக்குப் பின், "அவர் ஒன்றுமே சொல்லவில்லை" என்று நின்றுவிடுவதுண்டு. இந்த ஏமாற்றத்திற்கு நாம் வழங்கும் சொல்லும் ஒரு காரணம். 'ஆலோசனை' என்றதும் அறிந்தவர் கூற, அறியாதவர் கேட்பது என்றே பொருள் கொள்கிறோம். அந்த அறையிலோ மிகுதியாகப் பேச வேண்டியவர் நாடி வந்தவரே. இலங்கைத் தமிழர் இதனை 'உளவளத்துணை' என்பர். 'துணை' என்னும் சொல்லே உண்மைக்கு அருகில் நிற்கிறது.

இத்துறை பிறந்த வரலாறும் அதையே காட்டுகிறது. 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசப் புரோயர் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். மனத்திலிருந்ததை அவர் பேசப் பேச, துன்பம் தணிந்ததாகப் புரோயர் பதிவு செய்தார். அம்முறைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பொருள்படப் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர், அப்பெண்ணே. புரோயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி இடம்பெற்றது.

இன்று ஆலோசகரை நாடும் ஒருவர் எதனை எதிர்பார்க்கலாம்? ஓர் அமர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முதல் அமர்வில் ஆலோசகர் உறக்கம், உணவு, வீடு, படிப்பு ஆகியவற்றைப் பற்றி வினவுவார். பேசுவது வெளியே செல்லாது என்பதையும், அதற்குரிய விலக்குகளையும் விளக்குவார். உயிருக்கு ஆபத்து இருந்தாலோ எவரேனும் கொடுமைக்கு ஆளாகிறார் என்று தெரிந்தாலோ, அவர் உரியவரிடம் தெரிவித்தே ஆகவேண்டும். அவர் விளக்காவிடில் மாணவரே கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏரன் பெக் 1960களில் அமெரிக்காவில் வகுத்த முறையை எடுத்துக்கொள்வோம். தேர்வில் தோற்ற மாணவர், "நான் எதற்கும் உதவாதவன்" என்கிறார். நாமாயின் "அப்படி நினைக்காதே" என்போம். ஆலோசகர் அவ்வாறு கூறார். அவ்வெண்ணத்திற்குச் சான்றாக உள்ளவை எவை, எதிராக உள்ளவை எவை என்று மாணவரையே எழுதச் செய்வார். அடுத்த அமர்வுக்குள் செய்துவர ஒரு சிறு பயிற்சியும் தருவார். இம்முறைக்குப் பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். இடையில் சில நாள் மனம் முன்னைவிடக் கனக்கலாம். மூடிவைத்ததைத் திறக்கும்போது அஃது இயல்பே. ஆலோசகர் பொருந்தாவிடில் வேறொருவரைக் கேட்கலாம். மருந்து தேவையெனத் தோன்றினால் அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு தனிப்பங்கு உண்டு. "கோபமாக இருக்கிறது" என்னும் மாணவர் உள்ளத்தில் இருப்பது அச்சமாகவோ அவமானமாகவோ இருக்கலாம். பெயர் அறியாத துன்பத்தைப் பிறரிடம் எடுத்துரைப்பது அரிது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைப் பிரித்து வைத்தது. அங்கே வெகுளி வேறு, அச்சம் வேறு, இழிவுணர்வாகிய இளிவரல் வேறு. இதனைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நடத்தாமல், "இவற்றுள் நீ இன்று உணர்ந்தது எது?" என்று ஒரு முறை கேட்போமாயின், ஆலோசகர் அறையில் பேசுவதற்கான சொற்களை வகுப்பறையிலேயே தந்தவர் ஆவோம்.

சிங்கப்பூரில் ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் ஒருவரேனும் உள்ளார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவோர் 1767 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மாணவர் ஒருவர் நம்மிடமே முதலில் வாய் திறந்தால், அறிவுரையைச் சற்று ஒத்திவைத்து முழுவதும் கேட்போம். பின்னர், "உடன் வரட்டுமா?" என்று கேட்டு ஆலோசகர் அறைவரை நடப்போம். துணை என்பது அங்கிருந்தே தொடங்குகிறது.