கோல்ஃப் தெரியாதவன் நடத்திய கோல்ஃப் திருவிழா

மக்களே, கோல்ஃப் பத்தி எனக்குத் தெரிஞ்சது மொத்தம் ரெண்டே விஷயம். ஒண்ணு, டைகர் உட்ஸ்னு ஒருத்தர் இருக்கார். ரெண்டு, டிவியில அது வந்தா சேனலை மாத்திடணும். இந்த ஞானத்தோட ஒஹையோ மாநிலம் கொலம்பஸ்ல ஒரு கம்பெனியில கோடைக்கால இன்டர்னா போய்ச் சேர்ந்தேன். ரெண்டாவது வாரமே மேனேஜர் கூப்பிட்டு, "ஜூலை கடைசியில நம்ம கம்பெனி கோல்ஃப் அவுட்டிங். ஏற்பாடு, விளம்பரம் ரெண்டும் உன் பொறுப்பு"ன்னுட்டார். இன்டர்னுக்கு முடியாதுன்னு சொல்ல ஏது வாய்? பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிட்டு வந்தேன்.

ஊர் வேற அப்படிப்பட்ட ஊர். ஜாக் நிக்லஸ் பிறந்தது கொலம்பஸ்லதான். பக்கத்துல டப்ளின்ல அவர் உருவாக்கின முயர்ஃபீல்ட் வில்லேஜ் மைதானத்துல 1976ல ஆரம்பிச்ச மெமோரியல் போட்டி வருஷா வருஷம் நடக்குது. மதுரைக்காரன் ஜல்லிக்கட்டுன்னா என்னன்னு கேட்டா எப்படிப் பாப்பாங்களோ, அப்படித்தான் என்னையும் பார்த்தாங்க.

சரி, ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். மைதானத்துல 18 குழி. ஒரு அணிக்கு 4 பேர், குழிக்கு ஒரு அணின்னா 72 பேர் ஒரே நேரத்துல ஆரம்பிக்கலாம். குழிக்கு ரெண்டு அணி விட்டா 144. இதுக்கு ஷாட்கன் ஸ்டார்ட்னு பேர். 1956ல வாஷிங்டன் மாநிலம் வாலா வாலாவுல ஒருத்தர் நிஜமாவே துப்பாக்கியால சுட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சு வெச்சாராம், அதுல வந்த பேருன்னு சொல்றாங்க. நமக்கு ஹாரன்தான். எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சு ஏறக்குறைய ஒண்ணா முடிக்கிறதால பந்தியும் ஒரே பந்தி.

அப்புறம் திங்கட்கிழமை. தனியார் கிளப்கள் பல இடத்துல அன்னிக்கு உறுப்பினர்களுக்கு லீவு விட்டு, மைதானத்தை இந்த மாதிரி கூட்டத்துக்கு வாடகைக்கு விடுவாங்க. ஒரே அடியில குழியில போட்டா கார் பரிசுன்னு வைக்கறாங்களே, அதுவும் கம்பெனி காசு இல்ல. சின்னதா ஒரு பிரீமியம் கட்டி இன்சூரன்ஸ் எடுத்துடறாங்க. குழியோட அகலம் நாலேகால் அங்குலம். சாதாரண ஆட்டக்காரருக்கு வாய்ப்பு சுமார் 12,500ல ஒண்ணுன்னு பொதுவா ஒரு கணக்கு சொல்றாங்க. இன்சூரன்ஸ்காரன் விவரமானவன் :-)

விளம்பரத்துக்கு வருவோம். பச்சைப் புல், வெள்ளை டி-ஷர்ட்ல ஒரு கனவான் மட்டையைச் சுழட்டுற படம், மேல "இனிய கோல்ஃப் நாள்!"னு எழுதி எல்லாருக்கும் மெயில், எல்லா சுவத்துலயும் போஸ்டர். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன். ரெண்டு வாரத்துல 31 பேர் பதிவு பண்ணினாங்க. எல்லாம் சேல்ஸ் ஆளுங்க, மேனேஜருங்க. பின்னாடி கிடங்குலேருந்து ஒரு பேர் கூட இல்ல. சாப்பாட்டுக்குத் தலை எண்ணிக்கை சொல்ற நாள் வேற நெருங்குது. அவ்வ்வ்வ்.

கிடங்கு சாப்பாட்டு அறைக்குப் போனேன். என் போஸ்டருக்குக் கீழயே பேக்கிங் பிரிவு அம்மா ஒருத்தங்க சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஏன் யாரும் வரலைன்னு கேட்டேன்.

"இது எங்களுக்கும் சேர்த்தாப்பா? திங்கட்கிழமை மத்தியானம் அவங்க போனா அவங்க சம்பளம் நிக்காது. எங்களுக்கு மணிக்கணக்குல கூலி. ஆறு மணி நேரம் பந்து அடிக்க ஆறு மணி நேரக் கூலியை விடச் சொல்றியா?"

எனக்குப் பதில் வரல. நானும் மணிக்கணக்குல சம்பளம் வாங்கறவன்தான். ஆனா இந்த அவுட்டிங் என் வேலை, எனக்குக் காசு வரும். அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

இந்த விளையாட்டோட பழைய கதையில பாதி, யாரை உள்ள விடறதுங்கறதுதான். அமெரிக்க பிஜிஏ 'வெள்ளையர் மட்டும்' விதியை எடுத்தது 1961ல. அகஸ்டா நேஷனல் கிளப் முதன்முதலா பெண்களை உறுப்பினரா சேர்த்தது 2012ல, காண்டலீசா ரைஸும் டார்லா மூரும். நான் எந்த விதியும் எழுதலை. ஆனா அந்தக் கனவான் படமும் திங்கட்கிழமையுமே போதுமா இருந்துச்சு.

மேனேஜர்கிட்ட சொன்னேன். அவர் எச்.ஆர்.கிட்ட. நாலு நாள் இழுத்து, முதல் ஷிப்ட் ஆளுங்களுக்கு அந்த நேரத்துக்கும் கூலி உண்டுன்னாங்க. ரெண்டாம் ஷிப்டுக்குக் கிடையாது, லாரி நிக்கும்னு சொல்லிட்டாங்க. சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பறதோட சரி.

போஸ்டரை மாத்தினேன். படமே இல்ல. "கோல்ஃப் தெரியாதா? நீங்கதான் வேணும்"னு பெருசா போட்டு, கீழ நாலு வரி: கூலி உண்டு. மட்டை நாங்க தர்றோம். காலர் வெச்ச சட்டையும் தர்றோம். நீங்க தப்பா அடிச்சா கணக்குல வராது.

கடைசி வரி பொய் இல்ல. ஸ்க்ராம்பிள் ஆட்டத்துல நாலு பேரும் அடிப்பாங்க, எது நல்லா விழுந்துச்சோ அங்கேருந்து மறுபடி நாலு பேரும் அடிப்பாங்க. நல்லா ஆடறவங்களே எல்லாத்தையும் அள்ளிடக் கூடாதுன்னு, முதல் அடியில ஒவ்வொருத்தரோடதும் ரெண்டாவது எடுத்தே ஆகணும்னு ஒரு விதி வெச்சேன். அணிகளையும் கலந்து போட்டேன். கணக்கு 31லேருந்து 68க்கு ஏறிச்சு. 17 அணி.

அந்தப் பேக்கிங் அம்மா ஆபரேஷன்ஸ் டைரக்டரோட அணியில, அவரோட வண்டியிலயே. குழிக்குக் கிட்ட வந்ததும் புதுசா ஆடறவங்களை முதல்ல அடிக்கச் சொல்றது வழக்கம். பந்து எந்தப் பக்கம் சரியுதுன்னு மத்தவங்க பார்த்துக்கலாம் இல்லையா. இவங்க அடிச்சது குழியைத் தாண்டி ஓடிச்சு. அதைப் பார்த்து அடுத்தவர் சரியா போட்டார். "பார்த்தியா, என் தப்புலதான் ஜெயிச்சீங்க"ன்னு என்னைப் பார்த்துக் கத்தினாங்க.

ஆட்டம் அஞ்சு மணி நேரம். அதுல பாதி நேரம் வண்டியில உட்கார்ந்து பேச்சுதான். லாரி ஏத்துற இடத்துல வெக்கை தாங்கலைன்னு யோசனைப் பெட்டியில மூணு தடவை எழுதிப் போட்டதை டைரக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. அவர் அந்தச் சீட்டைப் பார்த்ததே இல்லையாம். அடுத்த வாரம் ரெண்டு பெரிய ஃபேன் வந்து இறங்கிச்சு. சேல்ஸ் ஆளுங்களுக்கு இந்த அஞ்சு மணி நேரம் வருஷா வருஷம் கிடைச்சுக்கிட்டுதானே இருந்துச்சு?

கார் யாருக்கும் விழலை. நான் அடிச்ச முதல் பந்து குளத்துல. கிட்டிப்புள் ஆடின கைன்னு பீத்திக்கிட்டதுதான் மிச்சம்.

கடைசி நாள், ரெண்டாம் ஷிப்ட் அண்ணன் ஒருத்தர், "சாப்பாடு நல்லாருந்துச்சு. எங்க முறை எப்போ?"ன்னு கேட்டார். எங்கிட்ட பதில் இல்ல. அடுத்த இன்டர்னுக்கு எழுதி வெச்ச குறிப்புல மைதானம், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு. அதுக்கெல்லாம் மேல முதல் வரியா, "ரெண்டாம் ஷிப்டுக்கும் ஒரு நாள் கேள், பிப்ரவரியிலயே கேள்"னு எழுதிட்டு வந்தேன்.

செமஸ்டர் ஆரம்பிச்சாச்சு, ஆணி நிறைய. வர்ட்டா?