வீட்டில் சொல்ல முடிகிறதா?

இரண்டு நண்பர்களை ஓர் அறையில் உட்கார வைத்து 25 நிமிடம் பேசச் சொன்னார்கள். எதிரே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பையன்களுக்கு வயது 13 அல்லது 14. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இப்படி ஏறத்தாழ 200 பையன்களை அவரவர் நண்பனோடு படம் பிடித்தார்கள். என்ன பேசினார்கள் என்பதோடு, எந்தப் பேச்சுக்கு மற்றவன் சிரித்தான் என்பதையும் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பையன்களைத் தொடர்ந்து கவனித்தபோது ஒன்று தெரிந்தது. பள்ளி விதியை மீறுவது, திருடுவது போன்ற பேச்சுக்கு எந்த நட்பில் சிரிப்பு பரிசாகக் கிடைத்ததோ, அந்த நட்பில் இருந்தவர்களே சிகரெட், மது, கஞ்சா பக்கம் அதிகமாகப் போயிருந்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. சிரிப்பே போதுமானதாக இருந்தது.

இதே குழு செய்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சங்கடமானது. சிக்கலில் விழும் அபாயம் உள்ள 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் இருந்த 119 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில வீடுகளில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. சில வீடுகளில் பிள்ளைகளுக்கு மட்டும். பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்து, இலக்கு வைப்பது எப்படி, தன்னைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று கற்றுத் தந்தார்கள். பாடம் நல்ல பாடம்தான். ஆனால் பின்னர் கணக்கெடுத்தபோது, குழுப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. ஒரே வகைச் சிக்கல் உள்ளவர்களை ஒரே அறையில் சேர்த்ததால், இடைவேளையில் அவர்களுக்குள் நடந்த பாடம் வேறாக இருந்தது. 1999இல் டிஷியனும் இரண்டு சக ஆய்வாளர்களும் இதை மறைக்காமல் கட்டுரையாக எழுதினார்கள். தன் திட்டமே எதிர்விளைவைத் தந்தது என்று அச்சில் ஒப்புக்கொள்வது சாதாரணக் காரியமில்லை.

அதன்பின் அவர்களுடைய கவனம் பிள்ளைகளின் வீட்டுப் பக்கம் திரும்பியது.

மனம் வாடும்போது ஏன் ஆபத்து கூடுகிறது?

மனநலப் பிரச்சினைகளில் பல, 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. சிகரெட்டோ வேப்போ முதன்முதலில் கைக்கு வருவதும் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டித்தான். மலேசியச் சுகாதார அமைச்சு 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்பட்டன. 14.9 விழுக்காட்டினர் வேப் பிடிப்பதாகச் சொன்னார்கள். இரண்டு எண்களும் ஒரே மாணவர்களைக் குறிப்பவை அல்ல. ஆனாலும் மனச்சோர்வு, மிகையான பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகள் இத்தகைய பழக்கங்களில் சீக்கிரமாக விழும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

நிக்கோட்டினை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். உள்ளே இழுத்த புகையிலிருந்து அது சில நொடிகளில் மூளையை அடைந்து டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. மனம் சற்று லேசாகும். ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைந்துவிடும். பழகிப்போன மூளை அப்போது ஏங்கத் தொடங்கும். எரிச்சல் வரும், படபடப்பு வரும், எதிலும் கவனம் நிற்காது. இன்னொரு இழுப்பு இழுத்தால் அடங்கும். ‘வேப் பிடித்தால் என் பதற்றம் குறைகிறது’ என்று மாணவன் நம்புகிறான். அது குறைப்பது பெரும்பாலும் அது தானே உண்டாக்கிய பதற்றத்தை. முன்பே பதற்றம் உள்ள ஒருவனுக்கு எது பழைய பதற்றம், எது புதியது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. இதில், சட்டத்துக்குப் புறம்பாக விற்கும் வேப் திரவத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற தனித் தொல்லையும் உண்டு.

மூன்றே சந்திப்புகள்

டிஷியன் குழு உருவாக்கிய முறைக்குக் ‘குடும்பப் பரிசோதனை’ என்று பொருள்படும் பெயர். பல் வலி வருவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்வதைப் போன்றது. மொத்தம் மூன்று சந்திப்புகள். முதலாவதில் ஆலோசகர் பெற்றோரின் கவலை என்ன என்று கேட்கிறார். இரண்டாவதில் பெற்றோரும் பிள்ளையும் கேள்வித்தாள்களை நிரப்புகிறார்கள். பிறகு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து, கொடுக்கப்பட்ட தலைப்புகளில் சில நிமிடம் பேசுகிறது. வார இறுதிக்கு ஒரு திட்டம் போடுங்கள்; பெரியவர்கள் இல்லாமல் பிள்ளை வெளியே இருந்த நேரத்தைப் பற்றிப் பேசுங்கள்; மது, புகை பற்றி இந்த வீட்டின் கருத்து என்ன என்று பேசுங்கள். இதுவும் வீடியோவில் பதிவாகிறது. கேமரா முன்னால் எல்லாரும் நல்லவர்களாக நடிக்க மாட்டார்களா என்று கேட்கத் தோன்றும். தொடக்கத்தில் நடிக்கலாம், ஆனால் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவதும் முகம் சுளிப்பதும் பழக்கத்தில் வருபவை, அவற்றை அதிக நேரம் மறைக்க முடியாது.

மூன்றாவது சந்திப்பில் முடிவைச் சொல்கிறார்கள். குடும்பத்தில் நன்றாக நடப்பதைத்தான் முதலில் சொல்வார்கள். எதை மாற்றுவது என்று தீர்மானிப்பது பெற்றோர். ஆலோசகர் கட்டளை போடுவதில்லை.

மூன்று பள்ளிகளில் 6ஆம் வகுப்பில் படித்த 998 மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். வாய்ப்பு கொடுக்கப்பட்ட குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் முன்வந்தது. குறைவுதான். ஆனால் வந்தவர்கள் யார் என்று பாருங்கள்: வீட்டில் சண்டை அதிகம் உள்ளவர்கள், அப்பா உடன் இல்லாத வீட்டினர், ஆசிரியர்கள் கவலைப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர். தேவை அதிகம் உள்ளவர்களே கூடுதலாக வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் 17 வயது வரைக்கும் புகை, மது, கஞ்சா பழக்கம், பரிசோதனை கிடைக்காத அதே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட மெதுவாகவே கூடியது. அபாயம் மிகுந்த 106 பிள்ளைகளைத் தனியே ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டுகளில் மனச்சோர்வு அறிகுறிகள் வளர்வதும் தடைப்பட்டிருந்தது. மனச்சோர்வைக் குணப்படுத்துவது இத்திட்டத்தின் முதல் நோக்கமே இல்லை என்பதால் இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது?

படிவம் 1, 2, 3 என்று ஏற ஏற, ‘எங்கே போறே, யாரோட போறே, எத்தனை மணிக்கு வருவே’ என்ற கேள்விகள் வீட்டில் குறைந்துகொண்டே போவது வழக்கம். ஓரிகன் ஆய்வில் பெற்றோரின் இந்தக் கவனிப்பு குறையாமல் நின்ற இடத்தில்தான் பயன் தெரிந்தது. அப்படியானால் கைப்பேசியைச் சோதிப்பதும் பையைக் கிளறுவதும் சரிதானா?

சுவீடனில் ஹோக்கன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் இதைத்தான் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். 14 வயதுப் பிள்ளைகள் 703 பேர், அவர்களுடைய பெற்றோர். பிள்ளையின் நடமாட்டம் பெற்றோருக்கு எந்த வழியாகத் தெரிகிறது? துருவிக் கேட்டதாலா, கட்டுப்பாடு போட்டதாலா, பிள்ளை தானாக வந்து சொன்னதாலா? மூன்றில் அதிகம் பங்களித்தது கடைசி வழிதான்.

இனி படிவம் 2 மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். சில வாரங்களாகத் தூக்கம் சரியில்லை, பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை.

“ஏன்யா முகம் இப்படி இருக்கு?”

“ஒன்னும் இல்லம்மா.”

மனச்சோர்வின் குணமே பேச்சைச் சுருக்குவது. பிள்ளை பேசாததால் அம்மாவுக்குப் பயம். பயத்தில் கேள்விகள் கூடுகின்றன, குரல் உயர்கிறது. குரல் உயர்ந்ததால் பிள்ளை இன்னும் சுருங்குகிறான். அந்த நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் வேப்பை நீட்டினால், அது வீட்டில் யாருக்கும் தெரிய வழியே இல்லை. குடும்பப் பரிசோதனை கைவைப்பது இந்தச் சுழலில்தான். குரலைத் தாழ்த்திக் கேட்கப் பெற்றோர் பழகினால் பிள்ளைக்கு வாய் திறக்கும். பிள்ளை கொஞ்சம் சொன்னால் பெற்றோரின் பயம் தணியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது” என்பது ஒரு நல்ல தொடக்கம். நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்வதைவிட, காரில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ சொல்வது பலருக்கு எளிது. “முதல்ல கேளுங்கம்மா, அப்புறம் திட்டுங்க” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதிலும் தவறில்லை. நம் வீடுகளில் அப்பாவிடம் போகாத செய்தி பெரியம்மாவிடமோ மாமாவிடமோ போகும். அந்த வழியும் நல்ல வழிதான்.

சில வீடுகளில் குடிப்பவரே பெரியவராக இருப்பார். சொன்னால் அடி விழும் என்ற நிலையும் உண்டு. அங்கே ‘வீட்டில் பேசு’ என்பது பொருந்தாத அறிவுரை. பள்ளியின் ஆலோசனை ஆசிரியரை நாடலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

ஏற்கெனவே பழகிவிட்டவர்களுக்கு, அரசாங்கச் சுகாதார நிலையங்களில் ‘எம்குவிட்’ என்ற பெயரில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை நடக்கிறது. வேப் பிடிப்பவர்களும் போகலாம். தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் அதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.