விறகு வாயு அடுப்பும் காற்றுத் தடையும்

1939-45 யுத்த காலத்தில், பெட்ரோல் பஞ்சத்தினால் சென்னை மாகாணத்தில் பஸ்கள் கரி வாயுவைக் கொண்டு ஓடின. அதே தத்துவத்தில் தகர டப்பாக்களால் வீட்டிலேயே செய்யப்படும் அடுப்புக்கு இருவழிக் காற்று அவசியம். அடித்துவாரங்களின் வழியே புகும் காற்று விறகை வாயுவாக்குகிறது. மேல்துவாரங்களின் வழியே வரும் காற்று அவ்வாயுவை எரிக்கிறது. ஆகையால் கோளாறு எவ்வழியில் உள்ளது என்பதைத் தீயே காட்டிவிடும்.

சுவாலையின்றி வெண்புகை மட்டும் எழுமாயின், மேல்துவாரங்கள் கீல்பிசினால் அடைபட்டனவா என்று பார்த்தல் வேண்டும். விறகு அத்துவாரங்களுக்கு மேல் நிரம்பியிருப்பினும், ஈரமாயிருப்பினும் இக்குறை நேரும்.

தீ மந்தமாகி அணையுமாயின், அடிச்சல்லடையைச் சாம்பல் மூடியிருக்கும். அல்லது மரத்தூள் இறுகிக் காற்றை மறித்திருக்கும். விரல் பருமனில் நறுக்கி, வெயிலில் நன்கு உலர்த்திய சுள்ளிகளே உத்தமம்.

சுவாலை மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படியுமாயின், அடிக்காற்று மிகுதியென்று அறிக. அடித்துவாரங்களிற் சிலவற்றைக் களிமண்ணால் அடைத்தால் குறை நீங்கும்.

முற்றும் எரியாத வாயுவில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷம் உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகை நின்ற பின்னரும் கங்கிலிருந்து அது வெளிவரும். ஆதலின் அங்கத்தினர்கள் இவ்வடுப்பைத் திறந்தவெளியிலேயே மூட்டுவார்களாக. துவாரங்களைச் சுத்தம் செய்வது அடுப்பு முற்றும் ஆறிய பின்னரே தகும்.