பீடபூமியில் தொடங்கும் பயணம்
நின்டெண்டோ 2017-இல் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டில், நாயகன் லிங்க் 100 ஆண்டு உறக்கம் கலைந்து ஒரு குகையில் கண்விழிக்கிறான். பழைய நினைவு இல்லை. கையில் வாளும் இல்லை. வெளியே நாற்புறமும் செங்குத்தாக இறங்கும் பீடபூமி. குதித்தால் உயிர் போகும். அங்குள்ள நான்கு சன்னதிகளின் சோதனைகளையும் முடித்தால்தான், காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடரை ஒரு கிழவர் தருவார்.

இரும்பை இழுக்கும் காந்தம், வெடிகுண்டு, பொருளைச் சற்று நேரம் அசையாமல் நிறுத்தும் ஆற்றல், நீரில் பனித்தூண் எழுப்பும் ஆற்றல் எல்லாம் அந்தச் சன்னதிகளில் கிடைப்பவை. பீடபூமியில் உள்ள பனிமலையில் குளிரே எதிரி. மிளகாய் சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டால் சற்று நேரம் தாங்கலாம்; கதகதப்பான சட்டையும் உண்டு. மரத்தை வெட்டிப் பள்ளத்தின்மேல் பாலமாகச் சாய்க்கவும் முடியும். பெரும்பாலானவற்றை விளையாடுபவரே கண்டுபிடிக்க விட்டிருப்பதுதான் இந்தத் தொடக்கத்தின் அழகு. கிழவர் உண்மையில் இறந்துபோன ஹைரூல் நாட்டு மன்னரின் ஆவி என்பது இந்தப் பீடபூமிப் பகுதியின் கடைசியில்தான் தெரியவரும்.