உயிர் காக்கும் ஒரு வார்த்தை

நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்துக்கொள்கிறது. நடுவானில் விமானத்தின் என்ஜின் நின்றுவிடுகிறது. அப்போது ரேடியோவில் எழும் கூக்குரல் ஒன்றுதான்: "மேடே! மேடே! மேடே!"

இதற்கும் தொழிலாளர்களின் மே தினத்துக்கும் சம்பந்தம் உண்டா? துளியும் கிடையாது. இது இங்கிலீஷ் வேஷம் போட்ட பிரஞ்சு வார்த்தை!

பிறந்த கதை

1920-களில் லண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் மாக்போர்டு என்ற ரேடியோ அதிகாரி இருந்தார். ஆபத்தில் சொல்வதற்கு, எல்லோருக்கும் புரியக்கூடிய ஒரு சொல் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள்.

தந்திக்கு 'எஸ்.ஓ.எஸ்.' இருந்தது. ஆனால் வாயால் சொன்னால் 'எஸ்' என்ற எழுத்து இரைச்சலில் தெளிவாகக் கேட்காது. கிராய்டனிலிருந்து பாரிசுக்குப் போய்வந்த விமானங்களே அதிகம். ஆகவே, 'எனக்கு உதவி' என்று பொருள் தரும் பிரஞ்சுச் சொல்லின் ஓசையை எடுத்து, 'மேடே' என்று ஆக்கினார். 1927-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

மூன்று தடவை ஏன்?

வேறு வார்த்தை என்று யாரும் மயங்கிவிடக் கூடாது அல்லவா? அதனால்தான் மூன்று தடவை. பிறகு கப்பல் அல்லது விமானத்தின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அந்த அலைவரிசையில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

அவசரம்தான், ஆனால் உடனடியாக உயிராபத்து இல்லை என்றால், 'பான்-பான்' என்று சொல்வார்கள். அதுவும் 'பழுது' என்ற பொருளுள்ள பிரஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. விளையாட்டுக்கு 'மேடே' சொல்வது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம்.

சொல்லாமல் போன வார்த்தை

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஒரு விமானம், மோசமான வானிலையால் இறங்க இடமின்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமிட்டது. எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது.

"முன்னுரிமை வேண்டும்" என்றார்கள். "எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். ஆனால் 'மேடே' என்ற சொல் மட்டும் வரவில்லை. தரையில் இருந்தவர்களுக்கு நிலைமையின் விபரீதம் புரியவில்லை.

முதல் தடவை இறங்க முயன்று முடியாமல் விமானம் மீண்டும் மேலே எழும்பியது. அடுத்த முயற்சிக்குள் என்ஜின்கள் நின்றுவிட்டன. ஒரு குன்றுச் சரிவில் விழுந்தது. எரிய எண்ணெய் இல்லாததால் தீகூடப் பிடிக்கவில்லை. இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, என்னவோ ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேர்! பிறருக்குத் தொந்தரவு கூடாது என்ற நல்ல எண்ணமே உயிருக்கு உலையாகிவிடுகிறது.

ஆபத்தைப் பூசி மெழுகாமல், ஆபத்து என்றே சொல்லிவிட வேண்டும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!