கடலடியில் 437 ஆண்டுகள்!

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பழைய கடற்படை நகரம் போர்ட்ஸ்மவுத். அங்கு போகிறவர்கள் முதலில் தேடுவது நெல்சனின் "விக்டரி" கப்பலைத்தான். 1805-ல் டிரபால்கர் போரில் அவர் குண்டடிபட்டு விழுந்த இடத்தில் தகடு பதித்திருக்கிறார்கள்.

ஆனால் மனதை உருக்குவது, பக்கத்திலேயே உள்ள "மேரி ரோஸ்" காட்சிசாலை!

மேரி ரோஸ், எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19-ந்தேதி பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் புறப்பட்டது. கரையில் மன்னர் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று கப்பல் சாய்ந்தது. பீரங்கித் துவாரங்கள் வழியே தண்ணீர் பாய்ந்தது. எதிரிகள் ஏறிவிடாதபடி மேல்தளத்துக்கு மேலே வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையே எமனாயிற்று! சுமார் 500 பேரில் 35 பேர்கூடப் பிழைக்கவில்லை.

1982-ல் கப்பலைத் தூக்கினார்கள். சேற்றில் புதைந்த பாதிதான் மிச்சம். மறுபாதியைக் கடல் தின்றுவிட்டது.

அதில் கிடைத்த சாமான்களைப் பாருங்கள். பேன் சீப்பு, பகடைக் காய், மரக் கிண்ணம். சில கிண்ணங்களில் அடையாளக் கீறல்கள். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறோமே, அதுபோல!

தச்சர் அறை வாசலருகே ஒரு நாயின் எலும்புக்கூடும் கிடைத்தது. அதைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், காவலுக்கு நிற்பதுபோலவே.