எங்கள் வீட்டுக்கு வந்த ஹெலிகொப்டர்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு ஹெலிகொப்டர் என்றால் முதலில் சத்தம்தான். தூரத்தில் டபடபவென்று கேட்கும். எந்தப் பக்கம் என்று நிமிர்ந்து பார்ப்பதற்கிடையில் அம்மா பங்கருக்குள் இறக்கிவிடுவார். அதனால் ஜேர்மனியில் பிறந்த மகன் தன் 13ஆவது பிறந்தநாளுக்கு ரிமோட் ஹெலிகொப்டர் கேட்டபோது, "ட்ரோன் வாங்கித் தாறம்" என்று பேரம் பேசினோம். அவன் மசியவில்லை. ட்ரோன் தானாகப் பறக்குமாம், ஹெலியை மனிசர்தான் பறக்கவிட வேணுமாம். ஆறு வருடங்களாகிவிட்டன. அவன் சொன்னது சரிதான். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்டால் உதவும் என்று, நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கமரா ட்ரோனில் கையை எடுத்தால் அது செய்மதியைப் பார்த்து நின்ற இடத்திலேயே நிற்கும். பயிற்சி பெற்றவர்கள் பறக்கவிடும் ஹெலியில் கையை எடுத்தால் அது மெல்ல நகர்ந்து, சரிந்து, விழுந்துவிடும். அதன் மேல் விசிறி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஏறுவதும் இறங்குவதும் தகடுகளின் சாய்வால். எல்லாத் தகடுகளும் ஒன்றாகக் கூடச் சாய்ந்தால் ஹெலி எழும்பும். சுற்றின் ஒரு பாதியில் கூடவும் மறுபாதியில் குறையவும் சாய்ந்தால் ஒரு பக்கம் சரிந்து நகரும். இதைச் செய்வது விசிறித் தண்டைச் சுற்றியுள்ள 'சுவாஷ்பிளேற்' என்ற சிறிய தட்டு. மூன்று சிறு மோட்டார்கள் அதைத் தூக்கியும் சரித்தும் வைக்கின்றன. மேல் விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதை வால் விசிறி தடுக்கிறது. தகடுகளை எதிர்ப்பக்கமாகவும் சாய்க்கலாம் என்பதால் இந்த மாதிரிகள் தலைகீழாகவும் பறக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் டீற்றர் ஷ்லூற்றர் என்ற ஜேர்மன் பொறியியலாளர். 1970இல் அவருடைய மாதிரி ஹெலி 11.5 கிலோமீற்றர் தூரம் பறந்து சாதனை படைத்தது. பின்னர் அவர் கடைக்குக் கொண்டுவந்த பொருத்து பெட்டி 'ஹியூகோப்ரா' என்ற போர் ஹெலியின் வடிவம். அந்தப் படத்தைப் பார்த்த அன்று நாங்கள் அதிகம் கதைக்கவில்லை.

பழகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது ஹெலி அல்ல, கணினியில் ஓடும் சிமுலேற்றர். எங்களுக்கு இது பிந்தித்தான் விளங்கியது. கணக்காளர் வீடு என்றபடியால் எல்லாம் கொப்பியில் இருக்கிறது: முதல் இரண்டு வருடத்தில் உதிரிப்பாகங்களுக்கு மட்டும் 740 யூரோ. அதில் சிமுலேற்றர் வாங்கிய பிறகு செலவானது 130 மட்டுமே. வால் எங்களைப் பார்த்து நிற்கும்போது ஒரு கிழமையில் பழகிவிடலாம். மூக்கு எங்களைப் பார்த்துத் திரும்பினால் இடம் வலமாகிவிடும், மூளை உடனே குழம்பும். அந்த ஒன்றைத் தாண்ட மகனுக்கு ஒரு மாரிகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இது விளையாட்டுச் சாமான் அல்ல. 35 சென்ரிமீற்றர் ஆரையுள்ள விசிறி நிமிடத்துக்கு 2800 தரம் சுற்றினால் தகட்டின் நுனி மணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. 2013இல் நியூயோர்க்கில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலி பட்டே இறந்தார். ஆகவே தனியாகப் பூங்காவில் பறக்கவிட விடாதீர்கள், கழகத்தில் சேருங்கள். ஜேர்மனியில் மாதிரி வானூர்திக்குப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். வீட்டுக் காப்புறுதி இதையும் சேர்க்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 250 கிராமும் அதற்கு மேலும் என்றால் பறக்கவிடுபவர் பதிவு செய்து, அந்த இலக்கத்தை மாதிரியில் ஒட்ட வேண்டும். கழகம் வழியாகத் தேசியச் சங்கத்தில் சேர்ந்தால் இவை பெரும்பாலும் சேர்ந்தே முடியும். லிப்போ பற்றரியை ஆளில்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள். பறக்காத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில் வைத்தால் அது நீண்ட காலம் உழைக்கும்.

போட்டிகளில் பல தரம் உண்டு. உலகமட்டத்தில் எஃப்3சி என்ற பிரிவில் நடுவர்கள் ஒவ்வொரு உருவத்துக்கும் பத்துக்குப் புள்ளி போடுவார்கள். எங்கள் கழகத்தின் கோடைப் போட்டி அவ்வளவு கடுமையானதல்ல. கேக்கும் சொசேஜும் இருக்கும், தோற்றவருக்கு ஆளுக்கொரு உதிரி ஆணி கொடுப்பார்கள். எல்லோரும் காத்திருப்பது ஓட்டோரொட்டேசனுக்கு. உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, தகடுகளைச் சற்று எதிர்ப்பக்கம் சாய்த்து ஹெலியை இறங்க விடுவார்கள். கீழிருந்து வரும் காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். உயரம் குறையக் குறைய அந்தச் சக்தி சுழற்சியாகச் சேமிப்பில் இருக்கும். நிலத்தை நெருங்கும்போது தகடுகளைச் சாய்த்து அந்தச் சேமிப்பு முழுவதையும் ஒரே தரத்தில் எடுத்து, புல்லில் சுண்ணாம்பால் கீறிய வட்டத்துக்குள் இருத்த வேண்டும். இரண்டு மீற்றர் முந்தி எடுத்தால் மிச்ச இரண்டு மீற்றருக்குக் கையிருப்பு இல்லை. நாங்கள் பக்கத்தில் நின்று காற்றும் உயரமும் சொல்லுவோம். முதல் வருடம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தவர்களும் நாங்கள்தான்.

போன ஆடி மாதம் அப்பம்மாவும் வந்தார். "நான் இறங்கமாட்டன்" என்று சொல்லித்தான் ஏறினார். மற்றப் பிள்ளைகள் பறக்கவிடும்போது கைப்பையைப் பிடித்தபடி காருக்குள்ளேயே இருந்தார். மகனின் முறை வந்தது. ஏறக்குறைய அறுபது மீற்றரில் மோட்டாரை நிறுத்தினான். டபடபச் சத்தம் அறுந்து விசிறியின் மெல்லிய சீழ்க்கை மட்டும் மிஞ்சியது. கார்க் கதவு திறந்த சத்தம் எங்களுக்குப் பின்னால் கேட்டது. வட்டத்துக்கு வெளியே ஒரு முழத்தில் ஹெலி இருந்தது. குறுக்குக் காற்றை நாங்கள் பிந்திச் சொல்லிவிட்டோம்.

அப்பம்மா புல்லில் செருப்போடு நின்றார். "ஏனடா சத்தம் நிண்டது?" என்று கேட்டார். "நான்தான் நிற்பாட்டினனான் அப்பம்மா" என்றான். கொஞ்ச நேரம் ஹெலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமேல் சொல்லிப்போட்டு நிற்பாட்டு" என்றார்.

அடுத்த சுற்றில் அவன் திரும்பி அவரைப் பார்த்து, "இப்ப நிற்பாட்டப்போறன்" என்று கத்திவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்தினான். ஐந்தாம் இடம் கிடைத்தது.